மோடத்துக்கு வைத்த பொட்டு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்று எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் என்னைப் பெரிய மனுஷி ஆக்கிவிட்டீர்கள். முப்பத்தோரு வருஷம் ஈப்போவிலும் சுற்று வட்டாரத்திலும் கணினி பழுது பார்த்தேன். அதில் பாதி நேரம் அடுத்தவர் மேசைக்கு அடியில் தவழ்ந்த நேரம். முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை.

என் பிரிவு உபசார விருந்தில், அப்போதுதான் சேர்ந்திருந்த உங்களில் ஒருவர் கேட்டது நினைவிருக்கிறதா? "அக்கா, மெஷின சொந்தமா வாங்கி வெக்கிறது நல்லதா, இல்ல எல்லாத்தையும் கிளவுட்ல போடுறது நல்லதா?" வாய் நிறைய இறால் சம்பலை வைத்துக்கொண்டு ஏதோ சாமர்த்தியமாகப் பதில் சொன்னேன். எல்லோரும் சிரித்தீர்கள். அந்தப் பதிலை மறந்துவிடுங்கள். சாமர்த்தியமாகப் பதில் சொல்லி நான் பட்ட பாட்டைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

நம் தொழிலுக்குப் புதியவர்கள் சிலருக்காக ஒரு வார்த்தை. கிளவுட் கணினி என்றால் மேசையில் திரையும் விசைப்பலகையும் சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டியும் மட்டும் இருக்கும். உண்மையான கணினி வேறு எங்கோ ஒரு கட்டடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதன் முகத்தை மட்டும் இணைய லைன் வழியாக நாம் பார்க்கிறோம். மேசையில் இருப்பதைத் தூக்கிப் போட்டு உடைத்தாலும் கணினிக்கு ஒன்றும் ஆகாது.

இந்த ஏற்பாடு முதலில் வந்தபோது, புதிதாக மதம் மாறியவரைப் போல நான் அதைப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன்னால், பாரிட் புந்தாரில் கல்யாணப் படம் எடுக்கும் ஒருவர் கைலிச் சாரத்தில் சுற்றிய ஒரு மூட்டையோடு பஸ் ஏறி என்னிடம் வந்தார். வயல் கால்வாய் நிரம்பிக் கடைக்குள் தண்ணீர் வந்து, தரையில் வைத்திருந்த அவருடைய கணினி முழுகிவிட்டது. மூடியைத் திறந்தேன். சேறு ஒழுகியது. அந்த ஊர்த் தமிழர் கல்யாணம் அத்தனையும் அந்த ஒரு பெட்டிக்குள்தான் இருந்தது. "ஒரே ஒரு கல்யாணமாச்சும் கெடைக்குமாம்மா?" என்று கேட்டார். மூன்று நாள் போராடினேன். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவர் அந்தப் பெட்டியைத் திரும்பவும் சாரத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இனி என் கண்ணில் படும் எவருடைய வாழ்க்கையும் தரையில் ஒரு பெட்டிக்குள் கிடக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அந்த வேகத்தோடுதான் சிலிம் ரிவருக்கு வெளியே இருந்த அந்த டயாலிசிஸ் நிலையத்துக்குள் நுழைந்தேன். முன்பு ரப்பர் பால்மரத் தோட்டமாக இருந்து, இப்போது பாதி எண்ணெய்ச் செம்பனையும் பாதி தாமான் வீடுகளுமாக ஆகிவிட்ட இடம் அது. பழைய டிஸ்பென்சரிக் கட்டடத்தில் ஒரு தர்ம அமைப்பு அந்த நிலையத்தை நடத்தி வந்தது. பன்னிரண்டு நாற்காலிகள். சிறுநீரகம் வேலை செய்யாதவர்கள் வாரத்துக்கு மூன்று தடவை வந்து, நான்கு மணி நேரம் உட்கார்ந்து, இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். ஒரு தடவை தவறினாலும் உடம்பில் தண்ணீர் ஏறிவிடும்.

அங்கே ஐந்து பழைய கணினிகள் இருந்தன. ஒன்றுக்குள் பல்லி முட்டையிட்டிருந்தது. நான் நிர்வாகக் குழுவிடம் பேசிச் சம்மதிக்க வைத்தேன். ஒரே வாரத்தில் ஐந்தையும் என் காரில் ஏற்றிக்கொண்டு போய், உள்ளே இருந்ததைத் துடைத்து, வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். நோயாளிகளின் பதிவேடு எல்லாம் கிளவுட்டுக்குப் போய்விட்டது. "இனிமே இந்தக் கட்டடமே பறந்து போனாலும் ஒங்க ரெக்கார்டு பறக்காது" என்று குழுவினரிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

அந்த நிலையத்தில் இரண்டு பேரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முன் மேசையில் இருந்தவள் தேவி. முப்பத்து நான்கு வயது. வருகைப் பதிவு, போன், மருந்து வரவு எல்லாம் அவள் பொறுப்பு. அப்படி ஓர் ஒழுங்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. காகிதமோ வயரோ கறிவேப்பிலையோ, எதுவாக இருந்தாலும் சுருட்டி ஒரு ரப்பர் பேண்ட் போட்டுவிடுவாள். இன்னொருவர் தலைமைத் தாதி. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஓய்வு பெற்று இங்கே வந்தவர். எல்லோருக்கும் அவர் மிஸ்ஸிதான், எனக்கும் மிஸ்ஸிதான். பெயரை எங்கேயும் எழுதித் தொலைக்காதே என்று அவரே சொல்லியிருக்கிறார், அதனால் எழுதவில்லை.

வேலையை ஒப்படைத்துவிட்டு நான் கிளம்பும்போது தேவி பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"கேளு."

"அடுத்த மாசம் ஆயுத பூசை வருது. வருசா வருசம் இங்க உள்ள கம்பியூட்டருக்கெல்லாம் பொட்டு வெப்போம். இப்ப கம்பியூட்டரே இங்க இல்லன்னு சொல்றீங்க. அப்ப எதுக்குப் பொட்டு வெக்கிறது?"

சிரிக்கக் கூடாது என்று சொல்லித்தான் கேட்டாள். நான் சிரித்தேன். சுவரில் பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருந்த, இணைய லைன் வந்து சேரும் மோடத்தைக் காட்டினேன். "அந்தா மின்னுது பாரு, அந்தப் பொட்டிக்கு வை. இனிமே அதுதான் ஒங்களுக்கு எல்லாம். அது இல்லன்னா இங்க ஒண்ணுமே கெடையாது."

அவளும் சிரித்தாள். நான் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். தஞ்சோங் மாலிம் பக்கம் இன்னொரு வேலை காத்திருந்தது.

நான் சொன்ன பதிலில் தொழில் ரீதியாக ஒரு பிழையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த இடத்தில் எல்லாமே அந்த ஒரு பெட்டியைத்தான் நம்பி இருந்தது. எனக்கு அது தெரியும், வாயாலேயே சொன்னேன். சொல்லிவிட்டு, அதற்கு மாற்றாக ஒன்றும் ஏற்பாடு செய்யாமல் போனேன். அவள் கேட்ட கேள்வியை நான் சாமி சமாசாரம் என்று நினைத்துவிட்டேன். அந்த வருஷம் என்னிடம் யாரும் கேட்ட கேள்விகளிலேயே உருப்படியான கேள்வி அதுதான்.

நான் கிறிஸ்தவ வீட்டில் பிறந்தவள். ஆயுத பூசை என்றால் பக்கத்து வீட்டிலிருந்து பொரியும் கடலையும் வரும், சாப்பிடுவோம். கருவிகளைத் துடைத்துப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டால், மறுநாள் காலையில் மறுபூசை செய்யும்வரை அவற்றைத் தொடக் கூடாது என்பது எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் தமிழர்களின் கணினியைப் பார்த்துவிட்டு இது தெரியாது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த நாளில் கடைகள் சீக்கிரம் அடைப்பார்கள், நானும் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடுவேன். அதற்கு மேல் யோசித்ததில்லை.

பழைய கணினிகள் கனமானவை. இருந்த இடத்திலேயே பொட்டு வாங்கிக்கொள்ளும். மோடம் கைக்கு அடக்கமானது. பூசை அன்று சாயங்காலம் கடைசி நோயாளி போனதும், தேவி அதைச் சுவரிலிருந்து கழற்றி, துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, செவ்வந்திப் பூ ஒன்றைச் சொருகி, வாழையிலையில் மற்றக் கருவிகளோடு வைத்துவிட்டாள். கழற்றிய வயர்களைத் தரையில் விட மனமில்லாமல், வழக்கம்போல் இறுக்கிச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டாள்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு எனக்குப் போன் வந்தது.

"அக்கா, மோடத்துல செவப்பு லைட்டு எரியுது. எதுவுமே தொறக்க மாட்டேங்குது. ஆறு மணிக்கு மொத ஷிப்ட்டு."

அணைத்துப் போடச் சொன்னேன். வாசலிலிருந்து உள்ளே ஓடினாள். போட்டாள். சிவப்புதான். நேற்று யாராவது அதைத் தொட்டார்களா என்று கேட்டேன். பூசையில் வைத்ததையும், ஐந்து மணிக்குச் சூடம் காட்டி எடுத்து மாட்டியதையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

"வயர எப்படி வெச்ச?"

"நல்லா சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுதான்கா வெச்சேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. சுவரிலிருந்து மோடத்துக்கு வரும் அந்த மெல்லிய வயருக்குள் இருப்பது செம்பு இல்லை, கண்ணாடி இழை. மடக்கினால் உள்ளே முறிந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. அதை வெட்டி ஒட்டுகிற கருவி லைன் கம்பெனிக்காரர்களிடம்தான் உண்டு. அவர்களை அழைத்தேன். மதியம் இரண்டு மணிக்கு ஆள் வரும் என்றார்கள். போனிலிருந்து இணையம் கொடுக்கலாம் என்றால், செம்பனைக்கு நடுவில் அந்தக் கட்டடத்துக்குள் சிக்னல் ஒரு கோடுகூட வராது. வாசல் கேட்டுக்குப் போய் நின்றால் பேச மட்டும் முடியும்.

மிஸ்ஸி போனை வாங்கினார். அவர் இரண்டு வாரம் லீவில் போயிருந்து அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். அவருடைய குரலில் பதற்றம் இல்லை.

"மெஷின் எல்லாம் ஓடும்மா. எனக்கு நம்பர்தான் இல்ல. பதினோரு பேரு காத்திருப்பாங்க. முனியாண்டியண்ணன் காத்திருக்க மாட்டாரு."

முனியாண்டி மாமாவை எனக்குத் தெரியும். லாரி ஓட்டியவர், நாலாம் நம்பர் நாற்காலிக்காரர். நான் கணினிகளைத் தூக்கிக்கொண்டு போன நாளில் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவர். மகனுடைய கார் பழுதானதால் முந்தைய முறை வராமல் விட்டிருக்கிறார். இப்போது பெஞ்சில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது, ஹைவேயில் விபத்து, முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்களாம்.

என்ன நம்பர் என்று சொல்கிறேன். உடம்பில் தேவையற்ற தண்ணீர் இல்லாதபோது ஒருவர் எவ்வளவு எடை இருக்க வேண்டுமோ அதை டிரை வெயிட் என்பார்கள். வந்தவுடன் எடை பார்த்து, அதிலிருந்து இதைக் கழித்து, மிச்சத்தைத் தண்ணீராக எடுப்பார்கள். கூட எடுத்தால் இரத்த அழுத்தம் விழுந்துவிடும். குறைத்து எடுத்தால் தண்ணீர் நுரையீரலிலேயே நிற்கும்.

"அவரு அறுபதுன்னு சொல்றாரு" என்றார் மிஸ்ஸி. "இப்ப அறுபத்தொண்ணு இருநூறு இருக்காரு. ஒண்ணேகால் லிட்டரு தண்ணிக்கு ஒரு மனுசனுக்கு இப்படி மூச்சு வாங்காது. எங்கயோ இடிக்குது."

"மிஸ்ஸி, அவரே சொல்றாருல்ல. அத வெச்சு ஆரம்பிங்களேன்."

இதைச் சொன்னது என் புத்தி இல்லை, என் பயம். ஏதாவது ஒரு நம்பரை வைத்து ஆரம்பித்துவிட்டால் என் தவறு அதோடு மறைந்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. அவசரத்தில் உங்களுக்கும் இது வரும். அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

"ஒன் வேலைய நீ பாரு, என் வேலைய நான் பாக்கிறேன்" என்றார் மிஸ்ஸி. "ஆக்சிஜன் வெச்சிருக்கேன். அரை மணி நேரம் தாங்குவாரு. அதுக்குள்ள எனக்கு அந்த ரெக்கார்டு வேணும்."

சமையலறை மேசையில் லேப்டாப்பைத் திறந்தேன். அந்த நிலையத்தின் கணினிகள் எல்லாம் கிளவுட்டில் ஆரோக்கியமாக ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. முறிந்தது அந்த ஒரு கட்டடத்துக்குப் போகிற பாதை மட்டும்தான். என்னிடம் எல்லாக் கதவுக்கும் சாவி இருந்தது. தேவியின் பாஸ்வர்டை மாற்றிவிட்டு இரண்டே நிமிஷத்தில் உள்ளே போயிருக்கலாம். கையும் விசைப்பலகைக்குப் போய்விட்டது.

நிறுத்தினேன். நோயாளியின் பதிவேட்டை நாம் திறந்து பார்க்கக் கூடாது என்பது விதி. அந்த விதிக்குப் பயந்து நிறுத்தினேன் என்று சொன்னால் பொய். ஒருவர் மூச்சுக்குத் திணறும்போது விதியை நான் பார்த்திருக்க மாட்டேன். நிறுத்தியது வேறொரு நினைப்பு. அந்தப் பதிவேடு இருக்கும் பெட்டியை எத்தனையோ தடவை சரி செய்திருக்கிறேன், ஒரு பக்கத்தைக்கூடப் படித்ததில்லை. எந்த நம்பர் எங்கே இருக்கும், எதை நம்ப வேண்டும் என்று எனக்குத் தெரியாது. சாவி இருக்கிறது என்பதற்காக எனக்குப் படிக்கத் தெரியும் என்று ஆகிவிடாது.

"மிஸ்ஸி, இன்னிக்கு லீவுல இருக்கிற தாதி யாரு? லைன் நல்லா வர்ற எடத்துல இருக்கணும்."

"ரோஸ்லின். காம்பார்ல இருக்கா."

ரோஸ்லினை அழைத்தேன். தோசைக்கல்லைப் போட்டிருந்தாள். அவள் மகள் அங்கேதான் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

"மக லேப்டாப்ப எடு. நான் ஒரு லிங்க் அனுப்புறேன், அதுல ஒன் பாஸ்வர்ட போட்டு உள்ள போ. என்கிட்ட சொல்லாத."

"இங்கேருந்து வருமாக்கா? நம்ம கம்பியூட்டரு அங்கதானே இருக்கு?"

"அது அங்க இல்ல. வா."

மூன்று நிமிஷத்தில் அவளுடைய திரை, முந்தின நாள் அவள் பாதியில் விட்ட குறிப்போடு அப்படியே, காம்பாரில் மகளின் லேப்டாப்பில் திறந்தது.  "அட, வந்திருச்சு லா" என்றாள் அவள். அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை என்னால் விவரிக்க முடியாது.

மூன்று போன்களையும் ஒரே அழைப்பில் சேர்த்தேன். கேட்டருகே மிஸ்ஸியும் தேவியும் நின்றார்கள். தேவியின் கையில் ஒரு நோட்டு.

"முனியாண்டியண்ணன்" என்றார் மிஸ்ஸி.

"மேல அறுபதுன்னு இருக்கு மிஸ்ஸி" என்றாள் ரோஸ்லின்.

அவர் சொன்னது சரிதான், வீணாக இருபது நிமிஷம் போய்விட்டது என்று நினைத்தேன்.

"இருங்க, இருங்க. கீழ டாக்டரு குறிப்பு இருக்கு. நெஞ்சு சளின்னு ஆஸ்பத்திரியில படுத்துட்டு வந்தாருல்ல, ஒடம்பு எளைச்சிருக்கு, டிரை வெயிட்ட ஐம்பத்தெட்டா மாத்தணும்னு எழுதியிருக்காரு. போன வாரந்தான். மேல இன்னும் யாரும் மாத்தல."

"ஐம்பத்தெட்டு. திருப்பிச் சொல்லு."

"ஐம்பத்தெட்டு, மிஸ்ஸி."

"அதான பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு மிஸ்ஸி உள்ளே ஓடினார். ஒன்றேகால் இல்லை, மூன்றுக்கு மேலே போகிற லிட்டர் கணக்கு அது. நானாகத் திறந்திருந்தால், மேலே பெரிய எழுத்தில் இருந்த அறுபதைப் படித்து, அவர் சொன்னதுதான் சரி என்று அடித்துச் சொல்லியிருப்பேன். 

மிச்சம் பதினோரு பேருக்கும் ரோஸ்லின் படித்தாள். தேவி எழுதினாள், ஒவ்வொன்றையும் திருப்பிப் படித்துக் காட்டினாள். ஏழு பத்துக்கு எல்லோரும் நாற்காலியில் இருந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்து பார்த்துவிட்டு, மிஸ்ஸியிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பிப் போனது.

நான் போய்ச் சேர்ந்தபோது எட்டரை தாண்டியிருந்தது. முனியாண்டி மாமா தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் நின்று அவருடைய மூச்சையே கொஞ்ச நேரம் பார்த்தேன். சீராகப் போய் வந்தது. கண் விழித்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னம்மா, சாமி கும்புட்டதுக்கு லைன் போயிருச்சாமே?"

"எப்படி இருக்கு மாமா?"

"இப்ப தேவல. எனக்கு மனசுல அறுபதுதான் பதிஞ்சிருக்கு. எளைச்சத இந்த ஒடம்பு என்கிட்ட சொல்லவே இல்ல லா."

சுவரில் மோடம் மூன்று பொட்டோடும் வாடிய செவ்வந்தியோடும் சிவப்பு விளக்கோடும் இருந்தது. என் தொழிலுக்கு இவ்வளவு மரியாதையை யாரும் கொடுத்ததில்லை. தேவி மேசைக்குப் பின்னால் கண் வீங்கி உட்கார்ந்திருந்தாள். "என்னாலதானேக்கா" என்றாள்.

அங்கேயே உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். உங்களுக்கும் அந்தப் படிவம் தெரியும். 'காரணம்' என்ற கட்டத்தில் என் விரல்கள் பழக்கத்தில் 'பயனர் தவறு' என்று அடித்துவிட்டன. முப்பது வருஷத்தில் எத்தனை தடவை அதை அடித்திருப்பேன் என்று யோசித்தேன். அழித்தேன். 'மோடம்தான் எல்லாம் என்று பயனரிடம் சொல்லிவிட்டு, அது இல்லாமல் போனால் என்ன செய்வது என்று சொல்லாமல் போனது' என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். தேவியைப் படிக்கச் சொன்னேன். இரண்டு தடவை படித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, காத்திருந்தவர்களைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

பத்து மணிக்கு மிஸ்ஸி எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். பாராட்டுவார் என்று நினைத்தேன். ரோஸ்லினைக் கூப்பிடும் யோசனை எனக்குத்தானே வந்தது!

"நீ கெட்டிக்காரிதான்" என்றார். "ஆனா ஒன்கிட்ட ஒருத்தரு கேள்வி கேட்டா, கேள்விக்குப் பதில் சொல்ற, கேட்டவங்கள ஏன் கேட்டீங்கன்னு கேக்க மாட்டேங்கிற. நாங்க வார்டுல அப்படி இருந்தா ஆளு செத்துருவாங்க."

சுருக்கென்றது. மைலோவைக் குடித்து முடித்தேன்.

பிறகு செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூரையில் ஆன்டெனா வைத்து, வேறு கம்பெனியின் சிம் போட்ட இரண்டாவது பெட்டி வந்தது. ஒன்று போனால் மற்றது எடுத்துக்கொள்ளும். மேசை டிராயரில் சொந்தமாக ஒரு லேப்டாப் வந்தது. மறுநாள் வரப்போகிறவர்களின் பட்டியல் ஒவ்வொரு சாயங்காலமும் அதில் இறங்கிவிடும். டாக்டர் குறிப்பில் நம்பர் மாறினால் அன்றே மேலேயும் மாற்ற வேண்டும் என்று மிஸ்ஸி சட்டம் போட்டார். கடைசி யோசனை தேவியுடையது. ஒவ்வொரு நோயாளிக்கும் சட்டைப் பையில் அடங்கும் ஒரு அட்டை. சிகிச்சை முடிந்து போகும்போது அன்றைய டிரை வெயிட்டை அதில் எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

ஆக, கிளவுட்டா, சொந்த மெஷினா? பழைய கணினிகளே அங்கே இருந்திருந்தால் லைன் போனதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் அவற்றில் ஒன்று அன்று எழும்பாமல் போயிருந்தால், காம்பாரில் தோசை சுட்டுக்கொண்டிருந்த ஒருத்தியால் ஒன்றும் செய்திருக்க முடியாது. பாரிட் புந்தார்க்காரருக்கு நான் திருப்பிக் கொடுக்க முடியாமல் போனதை, முனியாண்டி மாமாவுக்குக் கிளவுட் அரை மணி நேரத்தில் திருப்பிக் கொடுத்தது. நான் இன்னும் கிளவுட் கட்சிதான். ஆனால் எதைத் தூரத்தில் வைக்கலாம், எது ஆளின் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும் என்பதை விலைப்பட்டியலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அங்கே வேலை செய்கிறவர்களிடம் போய் உட்கார்ந்து, வருஷத்தில் எந்த நாளில் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். அவர்கள் உங்களிடம் ஏதாவது வேடிக்கையாகக் கேட்டால் பையைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

அடுத்த வருஷம் ஆயுத பூசைக்கு ஒரு வாரம் முன்பே போனேன். ஒரு மணி நேரம் தேவி முன்னால் உட்கார்ந்து, என்னென்ன செய்வார்கள், எதை எங்கிருந்து எடுப்பார்கள், எப்போது திருப்பி வைப்பார்கள் என்று ஆரம்பத்திலிருந்து கேட்டு எழுதிக்கொண்டேன். "அக்காவுக்கு வேற வேலை இல்ல போல" என்று கிண்டல் செய்தாள். அப்படியே கேட்டுக்கொண்டேன்.

பூசை அன்று சாயங்காலம் மோடங்களை யாரும் இறக்கவில்லை. பூசைத் தட்டுதான் அவற்றிடம் போனது. தேவி ஸ்டூலில் ஏறி, ஒரு வயரையும் தொடாமல், இரண்டுக்கும் பொட்டு வைத்தாள். நான் பொரித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டிராயர் லேப்டாப்பில் மறுநாள் பட்டியலை இறக்கி, கையோடு தாளில் ஒரு பிரதியும் எடுத்து வைத்துக்கொண்டு, லேப்டாப்பைப் படத்துக்கு முன்னால் வைத்தார்கள்.

கடைசி ஷிப்ட் முடித்த முனியாண்டி மாமா மெதுவாக வந்தார். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து, வாழையிலையில் லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதுதான் லா என் மெஷினு. இதுக்கும் வை."

தேவி அட்டையை எடுத்தாள். "மாமா, இத இங்க வெக்கக் கூடாது. வெச்சா நாளைக்கி பூசை முடியற வரைக்கும் எடுக்க முடியாது. இது ஒங்க கையிலதான் இருக்கணும்."

நம்பரை மறைக்காமல் ஓரமாக ஒரு சந்தனப் பொட்டு வைத்தாள். காயும்வரை ஊதினாள். அவர் சட்டைப் பையில் திருப்பிப் போட்டு, பொத்தானையும் மாட்டிவிட்டாள்.

நான் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொரித் தட்டை அவரிடம் நீட்டினேன்.